மதுரையில் இரண்டு மணி நேரம், ஊரில் மூன்று மாதம்: லைப்போசக்‌ஷனுக்குப் பின் உடம்பு தேறும் விதம்

கீழக்கரை, தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கொழுப்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் வழக்கமாக மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பல இடங்களில் எடுத்தால் நான்கு மணி ஆகலாம். ஆனால் வீக்கம் வடிய ஆறு வாரமும், வடிவம் தெரிய மூன்று மாதமும், முழுதாக நிலைக்க ஆறு மாதமும் ஆகும். அந்தக் காலம் முழுக்க ஆபரேஷன் செய்த டாக்டர் 100 கி.மீ.க்கு அப்பால் இருப்பார். எது வழக்கமான வீக்கம், எது ஆபத்தின் அறிகுறி என்று நடுராத்திரியில் பிரித்துப் பார்க்க வேண்டியவர்கள் நோயாளியும் துணைக்கு இருப்பவரும்தான். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

வயிறு, இடுப்பு, தொடை, கை, தாடைக்குக் கீழ் என்று எங்கே எடுத்தாலும் தேறும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்களுக்கு மார்பு பெண்மார்பு போலப் பருத்திருக்கும் கைனகோமாஸ்டியாவுக்கும் இதே முறையில் கொழுப்பை எடுத்து, உள்ளே இருக்கும் சுரப்பித் திசுவையும் வெட்டி அகற்றுவார்கள். அவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

முதலில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்குக்குள் நிறைய திரவம் ஏற்றுவார்கள். ஒரு லிட்டர் சலைனில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின், எரிச்சலைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட் ஆகியவை கலந்திருக்கும். 1980களில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் உருவாக்கிய முறை இது. இது வருவதற்கு முன்பு உறிஞ்சி எடுப்பதில் கணிசமான பங்கு ரத்தமாகவே இருந்தது. இப்போது ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பிறகு 3 முதல் 5 மி.மீ. அளவுள்ள சில துளைகள் வழியே மெல்லிய உலோகக் குழாயைச் செலுத்தி, முன்னும் பின்னுமாக இழுத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். கொழுப்பு தனியாகக் கழன்று வராது. அதைப் பிடித்திருக்கும் நார், நூல் போன்ற ரத்தக்குழாய்கள், நிணநீர்க் குழாய்கள், தோலுக்கு உணர்வு தரும் நுண் நரம்புகள் எல்லாம் கொஞ்சம் அறுபடும். வெளியே பார்த்தால் நான்கைந்து சிறு துளைகள்தான். உள்ளே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தேன்கூடு போலச் சுரங்கங்கள். பெரிய காயம் ஒன்று தோலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டால் பின்வரும் எல்லாமே புரியும். ரத்தக்குழாய் அறுந்ததால் கன்றிப்போகிறது, நிணநீர்க் குழாய் அறுந்ததால் வீங்குகிறது, நரம்பு அறுந்ததால் மரத்துப்போகிறது, சுரங்கங்கள் ஆறித் தழும்பாவதால் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது.

ஏற்றிய திரவம் முழுவதும் குழாயோடு திரும்பி வருவதில்லை. கணிசமான பகுதி உள்ளேயே தங்கி, சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலக்கும்; மீதி துளைகள் வழியே கசியும். இதனால் ரத்தத்தில் லிக்னோகெயின் அளவு ஆபரேஷன் மேசையில் உச்சத்தைத் தொடுவதில்லை. 8 முதல் 16 மணி நேரம் கழித்து, அதாவது அன்று ராத்திரியோ மறுநாள் விடியலிலோதான் உச்சத்துக்குப் போகும். வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்பைச் சப்பியது போன்ற சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல், தசை துடிப்பது ஆகியவை அளவு மீறியதன் முதல் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். மாலையில் ஆபரேஷன் முடிந்து இரவோடு இரவாகக் காரேறி ராமேஸ்வரம் திரும்புவதை நாம் கடுமையாக எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மொத்தம் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அது பெரிய அளவு லைப்போசக்‌ஷன். ஓர் இரவாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவாக எடுத்தவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்புவது உண்டு. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருப்பவருக்கு அது சரி. கடற்கரைக்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆனபின்னும் அதே ஊரில் மூன்று இரவு தங்குவது நல்லது. கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் ஏறி நுரையீரலை அடைக்கும் அரிய ஆபத்து பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். குடலில் குழாய் குத்தியிருந்தாலும் பெரும்பாலும் அந்த நாட்களில் தெரியவரும். லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை.

கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள், எத்தனை லிட்டர் ஏற்றினார்கள், லிக்னோகெயின் எத்தனை மில்லிகிராம், எத்தனை லிட்டர் உறிஞ்சினார்கள், என்ன ஆன்டிபயாட்டிக், இரவில் கூப்பிட எந்த எண் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரில் அவசரமாக வேறு டாக்டரிடம் போகும்போது அவருக்கு வழிகாட்டுவது அந்தத் தாள்தான்.

ஊர் திரும்பும் பயணம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. பஸ் வேண்டாம். காரில் முன் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து உட்கார வேண்டும். சீட் பெல்ட் அழுத்தும் இடத்தில் மடித்த துண்டு ஒன்று. சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய போர்வை, ஏனென்றால் வழியில் கசியலாம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துப் பத்து முறை ஆட்டிக்கொண்டே வரவேண்டும். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுப்பதில் நடைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆபரேஷன் நடந்த அன்று மாலையே கைத்தாங்கலாக நடக்க வைப்பதும் அதற்காகத்தான்.

முதல் மூன்று நாள்

துளைகளிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வடியும். விரிப்பெல்லாம் நனைவதைப் பார்த்து ரத்தம் கொட்டுகிறது என்று வீட்டில் அலறுவார்கள். அது ஏற்றிய திரவம். சில சொட்டு ரத்தம் கலந்ததால் அந்த நிறம். வடிவது நல்லது. உள்ளே தங்கினால்தான் வீக்கமும் கன்றலும் கூடும். அதனால்தான் சில டாக்டர்கள் துளைகளைத் தையல் போடாமலே விடுகிறார்கள். 24 முதல் 72 மணி நேரத்தில் கசிவு நிற்கும். படுக்கையில் விரிக்கும் உறிஞ்சுப் பட்டைகள் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்; பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டியான சிவப்பு ரத்தம் நிற்காமல் வந்தால், ஒரு பட்டை ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தால் நிறைந்தால், அது வேறு விஷயம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வலி பெரும்பாலும் நாள் முழுக்கக் கல் சுமந்து மறுநாள் எழுந்தது போன்ற உடம்பு வலிதான், கூடவே எரிச்சல். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்தில் இருந்து ஒரு வாரத்தில் தணியும். பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போதுமானதாக இருக்கும். சளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவு மீறினால் ஈரல் பழுதாகலாம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைத்துக் கன்றலை அதிகமாக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் கடையில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவதை இந்த நாட்களில் தவிர்க்க வேண்டும். டிரமடால் என்ற வலி மருந்து கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரலாம். பப்பாளியும் வாழைப்பழமும் தண்ணீரும் கைகொடுக்கும்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்தால் எழும்போது வயிற்றுத் தசை இழுக்கும். ஆறு வாரத்துக்குக் கட்டில் நல்லது. வயிற்றில் எடுத்தவர்கள் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுக்கலாம். மார்பில் எடுத்தவர்கள் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளலாம். தொடையில் எடுத்தவர்களுக்குக் குந்தி உட்காரும் கழிப்பறை முதல் இரண்டு வாரம் பெரும் வேதனை. வீட்டில் அதுதான் என்றால் நடுவில் துளையுள்ள நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாடகைக்கோ விலைக்கோ எடுத்து வையுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் பலரைப் பதறவைக்கும் ஒன்று நடக்கும். வயிற்றில் எடுத்தவருக்குப் பிறப்புறுப்புப் பக்கம் வீங்கிக் கறுத்து நிற்கும். ஆண்களுக்கு விதைப்பை இரண்டு மடங்காகக்கூடத் தெரியலாம். தொடையில் எடுத்தவருக்கு முழங்காலும் கணுக்காலும் பருக்கும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல, உள்ளே தங்கிய திரவமும் ரத்தமும் கீழே இறங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக வடியும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி வைக்காத டாக்டரால், வெட்கத்தில் யாரிடமும் கேட்காமல் தவித்தவர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கல்லாக வீங்கி, வலியும் கூடிக்கொண்டே போனால்தான் காட்ட வேண்டும்.

எடை பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஏற்றிய திரவத்தாலும் வீக்கத்தாலும் முதல் வாரம் எடை கூடியே காட்டலாம். வீக்கம் வடிந்த பிறகும் பெரிதாகக் குறையாது. ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 900 கிராம்தான். இது வடிவம் திருத்தும் சிகிச்சை. சர்க்கரை நோய்க்கு மருந்தாகவும் இதை எண்ணக் கூடாது. 2004இல் அமெரிக்காவில் பருமனான பெண்களிடம் வயிற்றுக் கொழுப்பைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துப் பார்த்த ஆய்வில் இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்படவில்லை.

இறுக்க உடையும் நம் ஊர் வேர்வையும்

மருத்துவமனையில் பெல்ட் என்றோ கார்மெண்ட் என்றோ சொல்லி மாட்டிவிடும் இறுக்க உடைதான் அடுத்த ஆறு வாரத்துக்குத் துணை. தோலையும் தசையையும் ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது அதன் வேலை. இடைவெளி இருந்தால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். பொதுவாக முதல் இரண்டு மூன்று வாரம் இரவும் பகலும், குளிக்கும் நேரம் தவிர. அதன் பிறகு ஆறாவது வாரம் வரை நாளில் பாதி நேரம். டாக்டருக்கு டாக்டர் கணக்கு மாறும். உங்கள் டாக்டர் சொன்னதே உங்களுக்கு.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சேலைத் துணியால் வயிறு கட்டுவது நம் வழக்கம். அதே கையால் இதையும் இன்னும் இறுக்கி, மேலே ஒரு துணியையும் சுற்றிவிடும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் செய்யக் கூடாது. உடைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சை முழுதாக இழுத்துவிட முடிய வேண்டும். கால் விரல் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ போகக் கூடாது. அளவுக்கு மீறிய இறுக்கம் தொடை இடுக்கில் ரத்த ஓட்டத்தை மறித்துக் காலில் உறைகட்டிக்கு வழிசெய்யும். தோலில் கொப்புளமும் வரும். உட்காரும்போது உடை மடிந்து இடுப்பில் கயிறாகத் திரண்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். சில நேரம் அது நிரந்தரமாகவே நின்றுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் தடவி மடிப்பை நீவிவிட வேண்டும். மடிப்பு விழும் இடத்தில் வைக்கத் தட்டையான ஃபோம் தகடுகள் கிடைக்கின்றன.

இந்தக் கடற்கரையின் பிரச்சினை ஈரம். காற்றே பிசுபிசுக்கும் ஊரில், நைலான் கலந்த உடையை 24 மணி நேரமும் மாட்டியிருந்தால் வேர்க்குருவும் மயிர்க்கால் கொப்புளமும் படர்தாமரையும் வரும். உள்ளே மெல்லிய, தையல் இல்லாத பருத்தி பனியனைச் சுருக்கமில்லாமல் போட்டு, அதன் மேல் உடையை மாட்டலாம். இரண்டு உடை கட்டாயம் வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் சோப்பு நுரைக்காது, துணியில் பொடியாகத் தங்கித் தோலை அரிக்கும். கடைசி அலசலுக்காவது வாங்கும் நல்ல தண்ணீரை ஒரு வாளி ஒதுக்குங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தளர்ந்து மூன்று வாரத்தில் அது வெறும் துணியாகிவிடும். வீக்கம் குறையும்போது உடையும் தொளதொளவென்று ஆகும். அப்போது ஒரு அளவு சிறியது மாற்ற வேண்டும், அல்லது கொக்கியை அடுத்த வரிசைக்கு நகர்த்த வேண்டும்.

முதல்முறை உடையைக் கழற்றும்போது மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அழுத்தம் திடீரென்று விலகுவதால் ரத்தம் கீழே இறங்கித் தலை சுற்றும். கட்டிலில் படுத்தபடியே கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது.

நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைப்படகுத் தொழிலில் இருக்கும் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஓய்வு கிடைக்கிறதே என்று அப்போது தேதி வாங்கத் தோன்றும். அது வெயிலின் உச்சம். வேலை வசதிப்பட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இந்த உடையோடு வாழ எளிது.

பத்தியம்

"ஆபரேஷன் உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே, மீன் தொடாதே, புண் சீழ் வைக்கும்." இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் எழும். திரவத்தை இழந்த உடம்புக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் குடிக்கலாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காயம் ஆறப் புரதம் வேண்டும். நம் கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. பாறை, விளைமீன், நெத்திலி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பால்சுறாப் புட்டு, முட்டை, பயறு எல்லாமே நல்லவை. மீனால் புண் சீழ் வைப்பதில்லை; கிருமியால்தான் வைக்கிறது.

ஒதுக்க வேண்டியது உப்பைத்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்பில் ஊறிய மோர்மிளகாய் ஆகியவை உடம்பில் நீரைப் பிடித்து வைத்து வீக்கத்தை நீட்டிக்கும். மூன்று வாரம் கருவாட்டுக்கு விடை கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நோன்பு மாதத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்வதைத் தவிர்க்கலாம். முதல் வாரத்தில் பகல் முழுக்க நீரில்லாமல் இருப்பது மயக்கத்துக்கும் ரத்தம் உறைவதற்கும் வழி. நோயாளி விட்ட நோன்பைப் பிறகு வைக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைத்து, மாத்திரை அளவை டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹீமோகுளோபின் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எழுந்தால் தலைசுற்றல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் ரத்தம் சோதிக்க வேண்டும்.

ஒத்தடம், எண்ணெய், மஞ்சள், கடல்

எடுத்த இடம் வாரக்கணக்கில் மரத்திருக்கும். சூடு தெரியாது, குளிர் தெரியாது. அந்தத் தோலில் வெந்நீர்ப் பையையோ தவிட்டு ஒத்தடத்தையோ வைத்தால் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் பார்ப்பார்கள். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அப்படியே. கூர்மையான உணர்வு திரும்பும்வரை இரண்டும் வேண்டாம்.

நல்லெண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடும் வைத்தியமும் இதற்கு ஆகாது. ஆறும் சுரங்கங்களை அது மறுபடி கிழிக்கும். நிணநீர் வடிய உதவும் மசாஜ் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தோலை மட்டும் மெல்ல நகர்த்திச் செய்வது. சிலருக்கு இதமாக இருக்கிறது, செய்யாதவர்களும் தேறிவிடுகிறார்கள். பெரும் தொகை கட்டிப் பத்து முறை முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். துளைகளில் மஞ்சள்தூள், காப்பித்தூள், தேங்காய் எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. சோப்பும் சுத்தமான தண்ணீரும் உலர்ந்த பஞ்சுக் கட்டும் போதும். கட்டு மாற்றுபவர் மீனோ நண்டோ ஆய்ந்த கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே தொட வேண்டும்.

டாக்டர் அனுமதித்தால் 48 மணி நேரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிக் குளிக்கலாம். முங்கிக் குளிப்பதற்குத் துளைகள் முழுதாக மூடிப் பொருக்கு உதிர வேண்டும். குறைந்தது மூன்று நான்கு வாரம். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்" என்ற நம்பிக்கை கடற்கரையில் ஆழமாக இருக்கிறது. ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுக நீரிலும் விப்ரியோ வகைக் கிருமிகள் வாழ்கின்றன. அவை திறந்த காயத்தில் புகுந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு, ஒரே நாளில் தசையை அழுகச் செய்யும் அளவுக்குப் போகலாம். ஊருணியும் கண்மாயும் பாதுகாப்பு இல்லை. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலின் 22 தீர்த்தத்திலும் நனைந்து, ஈரத்துணியோடு கூட்டத்தில் நடக்கும் வேண்டுதல் இருந்தால் ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் கடத்தக் கூடாதவை

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, திடீர் படபடப்பு, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, நெஞ்சிலும் கழுத்திலும் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள்: நுரையீரலில் கொழுப்போ ரத்தக்கட்டியோ அடைத்திருக்கலாம். 108ஐக் கூப்பிட்டு அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போகலாம் என்று மதுரைக்கு வண்டி பிடிப்பது உயிரோடு விளையாடுவது. அவருக்குப் போகும் வழியில் போன் செய்யலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றே காட்ட வேண்டும். வயிறு பலகையாக இறுகி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் உள்ளே குடல் காயப்பட்டிருக்கலாம். முதல் இரண்டு நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உடம்பு சுடுவது காயத்தின் எதிர்வினையாக இருக்கும். 101க்கு மேல் போனாலோ, தணிந்த காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் பிறகு திரும்பினாலோ தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தும் தாங்க முடியாத வலி, தோல் ஈயம்போலக் கறுப்பது, கொப்புளம், நாற்றமுள்ள நீர் ஆகியவை தசையை அழிக்கும் தொற்றின் அடையாளம், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பலர் இந்த ஆபரேஷனை மறைக்கிறார்கள். குடல் இறக்கம், கட்டி என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அது அவரவர் விருப்பம். அவசரத்தில் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. "லைப்போசக்‌ஷன் பண்ணி நாலு நாள் ஆகுது, நாலு லிட்டர் எடுத்தாங்க" என்ற ஒரு வாக்கியம் பல மணி நேரச் சோதனைகளை மிச்சப்படுத்தும். கூட இருப்பவர்களில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். நோயாளிக்கு நினைவு தவறினால் பேச வேண்டியவர் அவர்.

இரண்டாம் வாரத்திலிருந்து

கன்றல் கருநீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். நம் தோல் நிறத்துக்குச் சில இடங்களில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் தங்குவதுண்டு. அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் மங்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். டூவீலர் ஓட்டுவதற்கு இரண்டு வாரம், வேகத்தடையில் குலுங்கினாலும் வலிக்காத நிலை வந்த பிறகு. தண்ணீர்க்குடம் தூக்குவது, வலை இழுப்பது, ஐஸ் பெட்டி சுமப்பது, பாசி எடுக்கக் கடலில் இறங்குவது எல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முன்னதாகத் தொடங்கினால் வடிந்த வீக்கம் மாலையில் திரும்பி வரும். அதுதான் உடம்பு கொடுக்கும் கணக்கு.

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்து செய்துகொள்ளும் இளைஞர்களுக்குத் தேதிக் கணக்கு முக்கியம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். விடுப்பின் முதல் வாரத்திலேயே ஆபரேஷன் முடிந்தால்தான், பறப்பதற்கு முன் மூன்று வாரமாவது கிடைக்கும். கல்யாணம், விருந்து எல்லாம் முடிந்து கடைசி வாரத்தில் செய்துகொண்டு, உடையோடே விமானம் ஏறுவதுதான் தவறு.

முதல் இரண்டு வாரத்தில் ஏதோ ஓர் இடத்தில் தட்டினால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை போலத் தளும்பலாம். நீர் கோத்திருக்கிறது. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், சில நேரம் இரண்டு மூன்று முறை. வீட்டில் குத்திப் பார்க்கவே கூடாது. மூன்றாம் நான்காம் வாரத்தில் தோலுக்கடியில் கயிறும் கட்டியுமாகத் தட்டுப்படும். கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மின்சாரம் பாய்ந்ததுபோல அவ்வப்போது சுளீரென்று இழுக்கும், அரிக்கும்; நரம்பு திரும்ப வளரும் அடையாளம் அது. "காசைக் கொட்டிக் கெடுத்துக்கொண்டோமே" என்று மனம் உடைவது பெரும்பாலும் முதல் வாரக் கடைசியிலும் இந்த வாரங்களிலும்தான். வீக்கமே வடியாத உடம்பைப் பார்த்து முடிவு கட்டுவது நியாயமில்லை. மூன்று மாதத்தில் கட்டிகள் பெரும்பாலும் இளகிவிடும்.

ஆனால் ஒரு விதிவிலக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லாம் ஆறிய பிறகு, மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதத்துக்குள், துளையின் பக்கத்தில் சிவந்த முடிச்சு எழும்பி, உடைந்து, ஆறி, மறுபடி எழும்பினால், வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக் கேட்காமல் இருந்தால், அது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியாக இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் வாழும் அந்தக் கிருமி, கருவிகளை நீராவியில் முறையாகச் சுத்திகரிக்காத இடத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. சாதாரணச் சீழ்ப் பரிசோதனையில் அது சிக்காது. இந்த வகைக் கிருமியைத் தேடும் ஏ.எஃப்.பி. சோதனையும், அதற்கென்று தனியாகக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் கேட்டுச் செய்ய வேண்டும். மருந்து மாதக்கணக்கில் ஓடும்.

ஆறாம் மாதத்தில், ஆபரேஷனுக்கு முன் எடுத்த அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடலாம். மேடுபள்ளம் அப்போதும் நின்றால் திருத்த ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம், அதற்கு முன்பு அல்ல. எடுத்த கொழுப்புச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை என்பது பொதுவான கணக்கு. மிச்சம் இருப்பவை பருக்கும். ஐந்தாறு கிலோ எடை கூடினால், வயிற்றில் எடுத்தவருக்கு அது முதுகிலும் கையிலும் மார்பிலும் போய்த் தெரியலாம்.